துயிலெழாத கணினி

கருவியொன்று பழுதுற்றால் அதன் காரணத்தை ஆராயாது, உள்ளதனைத்தையும் அழித்துப் புதிதாய்த் தொடங்குவதே பரிகாரமென எண்ணும் வழக்கம் நம் மாணவரிடையே பெருகி வருகின்றது. புதிய இயங்குதளம் ஏற்றிய கணினி துயிலெழ மறுக்குமிடத்து இவ்வழக்கம் பெருங்கேடு விளைப்பதென்பது எமது துணிபு.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. ஆதலின் பலர் லினக்ஸ் இயங்குதளத்தை நாடுகின்றனர். இது நமக்குப் புதியதன்று. 2011இல் தமிழ்நாட்டு அரசார் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளிலேயே, விண்டோஸோடு சீடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் உடனிருந்தது.

நிற்க. சென்ற விடுமுறையில் ஏற்காட்டில் எமக்கு நேர்ந்ததைக் கூறுவாம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் வழக்குச் சொற்களையும் மூதாட்டியர் பாடிய பாடல்களையும் திரட்டி, எமது பழைய மடிக்கணினியில் சேமித்திருந்தோம். பாடியவருள் ஒருவர் அதற்குள் காலஞ்சென்றார். வேறு படி எடுத்து வையாதது எமது குற்றமே. அந்நிலையில், அச்சேமிப்பு இருந்த பகுதியை விடுத்து, விண்டோஸ் இருந்த பகுதியில் லினக்ஸை ஏற்றினோம். மறுமுறை திறந்தபோது, விண்டோஸைக் காணவில்லையென்னும் அறிவிப்பே திரையில் தோன்றிற்று. இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து சேலத்துக் கடையொன்றிற்குச் சென்றோம். "வட்டை முழுதும் அழித்தாலன்றி வழியில்லை" என்றனர். அம்மூதாட்டியின் குரலை அழிக்க எமக்கு மனமில்லை. மாலைப் பேருந்தில் மீண்டும் மலையேறினோம்.

கணினி துயிலெழுதல் ஒரே செயலன்று, படிப்படியாக நிகழ்வது. மின்சாரம் பாய்ந்தவுடன் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ முதலில் விழிக்கும். அது தன் பட்டியலை நோக்கி, வட்டிலுள்ள துவக்கியை அழைக்கும். லினக்ஸில் அதற்குக் கிரப் என்று பெயர். துவக்கி கெர்னலை நினைவகத்தில் ஏற்ற, கெர்னல் ஏனையவற்றை எழுப்பும். எந்தப் படியில் நின்றதென்று அறிந்தால் நோயிடம் பெரும்பாலும் விளங்கும். துவக்கத்தக்க கருவி இல்லையென்று கூறின், துவக்க வரிசையையும் யூஇஎஃப்ஐ அமைப்பையும் முதலில் நோக்குக. செக்யூர் பூட் தடுப்பதாக அறிவிப்பு வரின் அவ்வமைப்பை ஆராய்க. 'கிரப் ரெஸ்க்யூ' என்று தோன்றின், துவக்கி தன் கோப்புகளைக் காணாது தவிக்கின்றதென்க. பட்டியல் தோன்றியபின் திரை இருளின், திரைக்குரிய இயக்கியை ஐயுறுக.

எமது பிழை மிகச் சிறியது. ஏற்றும்போது பென் டிரைவின் பெயர் துவக்கப் பட்டியலில் இருமுறை தோன்றிற்று. ஒன்றன்முன் யூஇஎஃப்ஐ என்றிருந்தது. யாம் மற்றதைத் தேர்ந்தோம். அதனால் லினக்ஸ் பழைய பயாஸ் முறையில் அமைய, கணினியோ யூஇஎஃப்ஐ முறையில், இல்லாத விண்டோஸையே அழைத்து நின்றது. வீடு மாறிய பின்பும் பழைய குடியிருப்பாளரின் பெயரையே கூவும் வாயிற்காவலனை ஒத்தது அந்நிலை. பென் டிரைவைச் சரியான முறையில் திறந்து, எதனையும் ஏற்றாமல் வட்டை நோக்கினோம். பதிவுகள் அனைத்தும் நலமே இருந்தன. அவற்றை முதலில் வேறொரு வட்டிற் படியெடுத்த பின்னரே, துவக்கியைப் புதிதாய் எழுதினோம். கணினி எழுந்தது.

2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் காப்புமென்பொருளின் பிழைபட்ட புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழாது நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றிற் பயணிகட்குக் கையாலெழுதிய சீட்டுகள் வழங்கப்பெற்றன. ஆயினும் அக்கணினிகளை எழுப்ப வட்டை அழிக்க வேண்டியிருந்ததில்லை. பாதுகாப்பு முறையில் திறந்து பிழைபட்ட கோப்பை நீக்குதலே பரிகாரமாயிற்று.

வட்டே பழுதுறுதலும் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அழித்தல் கடைசி மருந்தேயன்றி முதன் மருந்தன்று. நம் கல்லூரிக் கணினிக் கூடத்தில், எப்பாடம் பயில்வோராயினும், முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் இரண்டு செயல்களைப் பயிற்றுதல் வேண்டும்: படியெடுத்து வைத்தல் ஒன்று, எழாத கணினியைப் பென் டிரைவால் திறந்து நோக்குதல் மற்றொன்று. ஒரு பிற்பகல் இதற்குப் போதும்.

துயின்ற சிறுமியை இறந்தாளென்று கருதி யவீருவின் இல்லத்தில் அழுதோர் பலர். நண்பர்காள், எழாத கணினியைக் கண்டு நாமும் அவ்வாறு அழவேண்டா, அழிக்கவும் வேண்டா.