மலையை உண்ணும் களிமண்

களிமண் என்றதும் ஏரிக்கரையும் குயவர் சக்கரமுமே உங்கள் நினைவிற்கு வரும். எரிமலையின் வயிற்றிலும் களிமண் பிறக்கிறது என்பதை அறிவீர்களா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 4,392 மீட்டர் உயரத்தில் பனி போர்த்து நிற்கிறது ரெய்னியர் எரிமலை. அதன் ஆழத்திலிருந்து எழும் கந்தக வாயுக்கள் நீரில் கரைந்து அமிலமாகின்றன. சூடான அவ்வமில நீர், பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிதைத்து, அதன் சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்துச் செல்கிறது. எஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு கூடிக் கயோலினைட் ஆகின்றன. ஆம், பீங்கான் கோப்பைக்கு மூலப்பொருளான அதே களிமண்தான்! அமிலம் குறைந்த இடங்களில், நீர் பட்டால் உப்பும் ஸ்மெக்டைட் உருவாகிறது.

இதனால், வெளியே உறுதியாகத் தோன்றும் மலை உள்ளே நைந்துபோகிறது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்தபோது, அதன் ஒரு பகுதி சரிந்து, சேற்று வெள்ளமாகி, 100 கிலோமீட்டருக்கும் அப்பால் கடலை எட்டியது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் மேற்குச் சரிவு இடிந்தபோதோ, வெடிப்பு நிகழ்ந்ததற்கான தடயமே இல்லை! அந்தச் சேறு படிந்த பள்ளத்தாக்கில்தான் இன்று ஆர்ட்டிங் என்னும் ஊர் இருக்கிறது.

நலிந்த பாறை இன்றும் மேற்குச் சரிவிலேயே மிகுதி. ஆகவே, 1998 முதல் அங்கே எச்சரிக்கைக் கருவிகள் இயங்குகின்றன. பள்ளிப் பிள்ளைகள் மேட்டு நிலத்திற்கு நடந்து சென்று ஒத்திகை பார்க்கின்றனர். மலையின் உறுதியை அதன் உயரம் சொல்லாது. உள்ளிருக்கும் களிமண்ணே சொல்லும்.