கடல் கடந்த மனையறம்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்த் தம்பதியரைப் பற்றி நம் இதழ்களில் வரும் கதைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. முதல் பத்தியில் பனி பெய்யும். சன்னலோரம் ஒருவர் நிற்பார், பெரும்பாலும் கணவர். அவர் கையிலிருக்கும் காப்பி கும்பகோணத்துக் காப்பியைப் போல இராது. இரண்டாம் பக்கத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வரும், தந்தைக்கு உடல்நலமில்லை. விடுப்புக் கிடைக்காது, அல்லது விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். கடைசிப் பத்தியில் மறுபடியும் பனி. மனைவி என்ன ஆனாள் என்று வாசகர் கேட்கக்கூடாது. அவள் சமையலறையில் இருக்கிறாள். கதைக்கு வேண்டியபோது தோசையோடு வெளியே வருவாள்.

இவற்றைப் புலம்பெயர் இலக்கியம் என்கிறோம். இவற்றில் பெயர்ந்த புலம் இருக்கிறது, புகுந்த புலம் இல்லை என்பது என் குற்றச்சாட்டு. சில கதைகள் நல்ல நடையில் எழுதப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மொழி தெரியாத, உறவு இல்லாத ஓர் ஊரில், இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில், பெரியோர் பார்த்து மணமுடித்து மூன்று மாதமேயான இருவர் எப்படி ஒரு குடும்பமாகிறார்கள், அல்லது ஆகாமற்போகிறார்கள் என்ற கேள்வியை அவை தொடுவதே இல்லை. நனவிடை தோய்தல் ஒரு சுகம். அந்தச் சுகத்தின் மறைவில் ஒரு வீடு முழுவதும் எழுதப்படாமல் கிடக்கிறது.

இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. அகத்திணையியலில் தொல்காப்பியர், பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். உரையாசிரியர்கள் அதைப் பலவாறு விளக்கியிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பொருள்வயிற் பிரிவு என்றால் ஆண் போவான், பெண் காத்திருப்பாள் என்பதுதான் நமக்குப் பழகிய இலக்கணம். பிற்கால வரலாறும் இதற்கு ஒத்துப்போயிற்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போன செட்டிநாட்டு ஏஜெண்டுகள் பெரும்பாலும் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தவணைக் கணக்கில் போய் வந்தவர்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானையும் பினாங்கையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது. ஆனாலும் அது ஆண்களின் உலகம்.

பின்னர் நிலைமை மாறியது. 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. கணினித் துறை வளர வளரத் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். மணமானதும் மனைவியர் எச்-4 என்ற சார்பு விசாவில் உடன் போனார்கள். பெண் கடல் கடந்துவிட்டாள். நம் கதைகள் மட்டும் பாலைத் திணையை விட்டு வெளியே வரவில்லை. காதலி இருந்த இடத்தில் ஊரை வைத்தார்கள், பிரிவுத் துயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கூடவே வந்தவளை எந்தத் திணையில் வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் சங்க அகப்பாட்டில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. புதுமனை புகுந்த மகளைச் செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே கண்டதை நற்றாயிடம் சொல்வது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, அதற்குப் புகழ்பெற்ற சான்று. சமைத்துப் பழகாத பெண் தயிர் பிசைந்த விரலை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மலர்கிறது. நற்றிணை 110இல் போதனார் காட்டும் பெண் இன்னும் கடினமான இடத்தில் இருக்கிறாள். பால் குடிக்க மறுத்துச் செவிலியரை ஓடவைத்த செல்வமகள், கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறாள் செவிலி. இரண்டிலும் பெரிய நிகழ்ச்சி ஏதுமில்லை. இவற்றில் கதை இல்லை என்று நாம் சொல்லத் துணிவதில்லை.

இனி இன்றைய வீட்டுக்கு வருவோம். நியூ ஜெர்சியின் எடிசனையோ ஜெர்சி சிட்டியையோ எடுத்துக்கொள்ளலாம். தாளிப்புப் புகை அங்கும் எழுகிறது. கூடத்துக் கூரையில் உள்ள புகையுணர் கருவி அலறுகிறது. கணவன் நாற்காலிமேல் ஏறித் துண்டை வீசுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவாரோ என்று இருவரும் மூச்சை அடக்கி நிற்கிறார்கள். சலவை இயந்திரம் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. அதற்குக் கால் டாலர் காசுகள் வேண்டும். அவற்றைச் சேர்த்துவைக்க ஒரு பழைய காப்பித்தூள் டப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் கடைவளாக வாகன நிறுத்துமிடத்தில் கணவன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாராவது உண்மையாக எழுதினால் போதும், தமிழ்க் குடும்பத்தின் அதிகார அமைப்பு முழுவதும் அதில் வந்துவிடும். யார் குரலை உயர்த்துகிறார், யார் பிரேக்கை மிதிக்கிறார், வீடு திரும்பும்போது யார் ஓட்டுகிறார்.

இவை வெறும் நுணுக்க விவரங்கள் அல்ல. இவற்றின் பின்னால் சட்டம் நிற்கிறது. எச்-4 விசாவில் வந்தவர் வேலை செய்யக்கூடாது என்பது நெடுங்காலம் விதிவிலக்கில்லாத விதி. வேலை அனுமதி இல்லாதவருக்குப் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைப்பதில்லை. அந்த எண் இல்லாதவர் தன் பெயரில் கடன் வரலாறு தொடங்குவதும் எளிதன்று. எனவே வாடகை ஒப்பந்தமும் மின்கட்டணமும் காரும் கணவன் பெயரில். 2015ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. நிரந்தரக் குடியுரிமைக்கான பாதையில் கணவர் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். புதிதாக வந்தவருக்கு அது பெரும்பாலும் பயன்படாது. கணவனுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வழி கண்டுபிடிக்காவிட்டால் இருவரும் மூட்டை கட்ட வேண்டும். மணமுறிவு ஏற்பட்டால் சார்பு விசாவும் முறிகிறது. அதாவது அந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சச்சரவிலும் ஒருவர் மற்றவருடைய கடவுச்சீட்டின்மீது நின்றுகொண்டு பேசுகிறார். ஊரில் எந்த மாமியாருக்கும் வாய்க்காத அதிகாரத்தை ஓர் அரசு முத்திரை, பெரும்பாலும் நல்லவனும் கூச்சசுபாவியுமான ஓர் இளைஞனிடம் கொடுத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியாது. இதைவிட என்ன முரண் வேண்டும் நம் கதாசிரியர்களுக்கு?

மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்ல நம் கதைகள் இன்னும் அதிகமாகத் தயங்குகின்றன. அந்த வீட்டில் மாமியார் இல்லை. வந்து போகும் நாத்தனார் இல்லை. எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்க ஒருவருமில்லை. வெறுமையாக இருக்கிறது என்று தொலைபேசியில் தாயிடம் அழும் அதே பெண், தொலைபேசியை வைத்துவிட்டு, வாழ்வில் முதன்முறையாகத் தனியே ஒரு தெருவில் நடக்கிறாள். பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்குகிறாள். அவள் பெயர் மட்டும் பொறித்த முதல் அட்டை அதுவாக இருக்கலாம். கணவன் பாத்திரம் கழுவுகிறான். விளிப்பும் மாறுகிறது. ‘என்னங்க’ என்று தொடங்கியவள் ஆறேழு மாதத்தில் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குகிறாள்.

பிறகு பேறுகாலத்துக்குத் தாயோ மாமியாரோ ஆறு மாதச் சுற்றுலா விசாவில் வருகிறார். விமானநிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் ‘என்னங்க’ திரும்பிவிடுகிறது. பாத்திரம் கழுவும் கை கழுவுதொட்டிப் பக்கம் போக அஞ்சுகிறது. ஆறு மாதம் அந்த வீட்டில் ஒரு நாடகம் நடக்கிறது. அது நாடகம் என்று மூவருக்கும் தெரியும். மொழி ஆசிரியன் என்பதால் எனக்கு இந்த ‘ங்க’ விகுதியின் போக்குவரத்தே ஒரு நாவலாகத் தோன்றுகிறது. செவிலி இன்றும் புதுமனைக்குப் போகத்தான் செய்கிறாள். அவள் கண்டதை எழுத ஆளில்லை; குளிரில் வெளியே போக முடியாமல் தவித்தாள் என்பதோடு கதையை முடித்துவிடுகிறோம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு விமர்சகர் எழுந்து நிற்பதை நான் அறிவேன். நனவிடைக் கதைகளை அவரும் வெறுக்கிறார், ஆனால் வேறு காரணத்துக்காக. மென்பொருள்காரர்களின் வாழ்வில் என்ன இருக்கிறது? டாலர் சம்பாதிப்பவனின் சலவையும் சமையலும் இலக்கியமா? அகதியின் துயருக்கு முன் இது சொகுசு இல்லையா? இலக்கியக் கூட்டங்களில் இந்த வாதத்துக்குக் கைதட்டல் உறுதி. துயரங்களை எடைபோட்டுத் தரவரிசை வழங்கும் இந்தத் தராசு எங்கே வாங்கப்பட்டது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அதே விமர்சகர் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைத் தமிழின் தலைசிறந்த கதைகளில் ஒன்றாகப் போற்றுகிறார், நானும் போற்றுகிறேன். அதில் நடப்பது என்ன? தென்கோடியிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்து, உற்றார் துணையின்றி வாழும் ஒரு தம்பதி. கணவர் துணிக்கடையில் வேலை பார்க்கிறார், மனைவி நோயாளி. அவரே அடுப்பு மூட்டுகிறார், மருந்து கொடுக்கிறார், ஊருக்குப் போகலாம் என்ற அவளுடைய ஆசையைத் தள்ளிப்போடுகிறார். இரண்டு பேர், ஓர் அறை, சில சின்ன வேலைகள். அவருக்குச் சென்னை அந்நிய நகரம் என்பதால் அது இலக்கியம், எடிசன் அந்நிய நகரம் என்பதால் அது சொகுசு என்றால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

அகதியைக் குறிப்பிட்டதால் அந்த எடுத்துக்காட்டையே எடுக்கிறேன். 2015இல் கான் திரைவிழாவில் தங்கப்பனை விருது பெற்ற, ழாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ படத்தில் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அதில் வரும் கணவனும் மனைவியும் மகளும் உண்மையில் ஒருவருக்கொருவர் யாருமல்லர். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் பிரான்சுக்கு வந்தவர்கள். பாரிஸ் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் அவன் காவலாளி, அவள் ஒரு நோயாளியின் வீட்டில் சமைக்கிறாள். காகிதத்தில் மட்டும் இருந்த தாம்பத்தியம், சாவிக்கொத்திலும் தபால்பெட்டியிலும் சமையலிலும் மெல்ல மெல்ல உண்மையாகத் தொடங்குகிறது. துப்பாக்கி வெடிக்கும் கடைசிப் பகுதியை விட இந்தப் பகுதியே படத்தின் உயிர் என்பது என் கணிப்பு. போரிலிருந்து தப்பியவருக்கும் அன்றாடம் உண்டு. அதை அவரிடமிருந்து பறித்து, துயரத்தை மட்டும் அவருக்கு ஒதுக்குவது மரியாதை அன்று.

வங்காள வேர்கொண்ட ஜும்பா லாஹிரி ஆங்கிலத்தில் இதைச் செய்து காட்டி நெடுநாள் ஆகிறது. 1999இல் வெளியாகி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய முதல் தொகுதியின் இறுதிக் கதையில், பெற்றோர் பார்த்து மணந்த மாலா 1969இன் பாஸ்டன் பகுதிக்கு வந்து சேர்கிறாள். பாலும் தானியச் செதில்களும் உண்டு வாழப் பழகிவிட்ட கணவனுக்கு அவள் ஓர் அந்நியள். நூறு வயதைக் கடந்த பழைய வீட்டுக்காரியின் முன் இருவரும் நிற்கும் ஒரு சிறு தருணத்தில் இடைவெளி குறையத் தொடங்குகிறது. ஊர் ஏக்கம் அந்தக் கதையில் அளவோடுதான் இருக்கிறது. கதையின் பாரத்தை அந்த வீடு தாங்குகிறது.

நம்மில் எழுத வேண்டியவர்கள் எழுதவில்லையா? எழுதுகிறார்கள். முதுகலைத் தமிழ் படித்த என் மாணவி ஒருவர், மணமாகி அமெரிக்கா சென்றவர், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கார்ப் பாடத்தைக் கதையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினார். முரண் இல்லை, நாட்குறிப்புப் போல இருக்கிறது, புலம்பெயர் வலி வெளிப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இங்கே வலி என்று அவர்கள் எதிர்பார்த்தது பனியை என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை அவர் பனியைச் சேர்த்து அனுப்பியிருந்தால் வெளியாகியிருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் இப்படி மணமாகிப் போகிறார்கள். சிலப்பதிகாரம் நடத்தும்போது அவர்களும் பிறரைப் போலவே கொலைக்களக் காதையின் தொடக்கத்தைத் தாண்டிக் கொலைக்கு விரைகிறார்கள். அங்கே நிறுத்தி நிறுத்தி நடத்துவது என் வழக்கம். சோழநாடு விட்டுப் பாண்டியநாடு வந்த ஒரு தம்பதி. ஆயர்சேரியில் மாதரி கொடுத்த தனிவீடு. ஆய்ச்சியர் கொடுத்த அரிசி, காய், பால். ஐயை அடுப்பு மூட்டுகிறாள். கண்ணகி காய் அரிந்த விரல்கள் சிவக்கின்றன. பாய் விரித்து, இலை போட்டு, கணவனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தபின்தான் கோவலன், அவள் எதையெல்லாம் விட்டு வந்தாள் என்று முதன்முதலாக அவளிடமே பேசுகிறான். இளங்கோவடிகள் அந்தச் சமையலுக்கு வரிகளைச் செலவிடத் தயங்கவில்லை.

திரும்பி வந்த அந்தக் கதையை மாணவியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பனி சேர்க்காத முதல் வடிவம்தான். அவர் சம்மதித்தால் அடுத்த வாரம் இங்கேயே வெளியிடலாம்.