வெளிமானுக்கு நிழல் வேண்டாம்

தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,



சென்னையில் ஒருவர் கிண்டிக் காட்டைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னால், பெரும்பாலும் அவர் போனது சிறுவர் பூங்காவுக்குத்தான். சமீபத்தில் அக்கா பிள்ளைகளோடு நானும் போனேன். சீட்டு வாங்கி, கூண்டுகளைப் பார்த்து, அடுத்திருக்கும் பாம்புப் பண்ணைக்கும் ஒரு நடை போய்விட்டுத் திரும்பினோம். புள்ளிமானைக் கண்டதில் பிள்ளைகளுக்கு ஏக மகிழ்ச்சி. அங்கிருந்த பெரியவர்கள் சிலருக்கும்கூட, இந்தக் காட்டின் உண்மையான சொந்தக்காரர் வேறொரு மான் என்பது தெரிந்திருக்கவில்லை.

வெளிமானைத்தான் சொல்கிறேன். முறுக்கிய கொம்பும் வயது ஏற ஏறக் கருக்கும் முதுகுமாக நிற்கும் அந்த ஆண் மானைப் பார்க்கத் தமிழ்நாட்டில் கோடியக்கரை, மோயாற்றுச் சமவெளி போன்ற சில இடங்களுக்குப் போக வேண்டும். அல்லது, மெட்ரோ ரயில் ஓடும் இந்த ஊரில், கிண்டிக் காட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஏறக்குறைய 500 ஹெக்டேர் இருந்த காடு கல்லூரிக்கும் நினைவிடங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 1978-இல் தேசியப் பூங்கா ஆனபோது 270 ஹெக்டேர்தான் மிஞ்சியது. மிஞ்சியதை மதில் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இடம் போதவில்லை என்றால் வெளிமான் வேறு எங்கும் போக முடியாமல் செய்ததும் அதே மதில்தான்.

இடம் என்று நான் சொல்வது பரப்பளவை மட்டும் அல்ல. புள்ளிமான் மர நிழலில் மேயும், புதருக்குள் ஒதுங்கும். வெளிமான் நம்புவது கண்ணையும் காலையும். தூரத்தில் வரும் ஆபத்து தெரிய வேண்டும், தெரிந்தால் ஓட வெட்டவெளி வேண்டும். ஆண் மான் புழுக்கையைக் குவித்துத் தன் எல்லையைக் காட்டுவதும், பெட்டைகள் கூடுவதும் குட்டைப்புல் தரையில்தான். கிண்டியில் அப்படிப்பட்ட தரை போலோ மைதானத்தையும் ஆளுநர் மாளிகைப் பக்கத்தையும் விட்டால் அதிகம் இல்லை. அங்கும் ஓரங்களில் சீமைக்கருவேலமும் புதரும் ஏறி வந்தால் வெளிமானின் வீடு சுருங்கும். அந்த இடம் புள்ளிமானுக்குப் போகும். மேலிருந்து பார்க்கிறவருக்குக் காடு பச்சைப்பசேல் என்று செழித்ததாகத்தான் தோன்றும்!

அதனால்தான் எனக்கு மரம் நடும் விழா என்றாலே கொஞ்சம் பயம். நகரத்தில் மரத்துக்கு எதிராகப் பேசுகிறவனை யாரும் விரும்ப மாட்டார்கள். தெருவில் நடட்டும், பள்ளியில் நடட்டும், கிண்டியிலேயே பழைய உலர் பசுமைமாறாக் காடு சிதைந்த பகுதிகளில் அதற்குரிய மரங்களை நடட்டும். புல்தரையில் மட்டும் ஒரு கன்றுகூட வேண்டாம். கன்று ஊன்றிப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டு வரும் நல்ல மனிதர்களிடம் 'இங்கே வெறுந்தரைதான் காடு' என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. ஊடுருவும் புதரை ஆண்டுதோறும் அகற்றுவதும், நாய்கள் நுழையும் மதில் உடைப்புகளை அடைப்பதும் விழா எடுக்க உதவாத வேலைகள். வெளிமானுக்கு வேண்டியவை அவைதாம்.

இன்னொன்று, பார்வையாளர் பற்றியது. காட்டைத் திறந்துவிடச் சொல்லவில்லை. கூட்டம் போனால் பிளாஸ்டிக்கும் கூடவே போகும். காலை வேளையில், பத்துப் பேருக்கு மிகாமல், வனக் காவலர் ஒருவர் துணையோடு, முன்பதிவு செய்தவர்களைப் புல்தரையின் ஓரம்வரை அழைத்துப்போகலாம். குட்டி ஈனும் மாதங்களில் அதையும் நிறுத்திவிடலாம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் இடம், கட்டணம் இல்லாமல். அதுவரை சிறுவர் பூங்கா வாசலில் ஒரு பலகையாவது வையுங்கள்: உள்ளே வெளிமான் வாழ்கிறது, அதற்காகத்தான் அங்கே மரம் நடாமல் விட்டிருக்கிறோம் என்று தமிழில், பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
கிண்டி வழியாகத் தினமும் போய்வரும் ஒருவன்