கடலுக்குப் போகும் யூரியா

மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் யாக்கி பள்ளத்தாக்கு என்றொரு கோதுமைப் பூமி உண்டு. வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக் தன் குட்டைரகக் கோதுமைகளைச் சோதித்துப் பார்த்த வயல்கள் அங்கேதான் இருந்தன. 1966-இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையைக் கப்பலில் கொண்டுவந்தது. நம் பசுமைப் புரட்சிக்குத் தாய்வீடு என்று அந்தப் பள்ளத்தாக்கைச் சொன்னால் தப்பில்லை.

அந்த வயல்களின் வடிகால் கலிஃபோர்னியா வளைகுடாவில் விழுகிறது. 1998 முதல் 2002 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களையும் விவசாயிகள் உரமிட்டுத் தண்ணீர் கட்டிய நாட்களையும் சில அமெரிக்க ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வயலில் தண்ணீர் பாய்ந்த சில நாட்களுக்குள் கடலில் பாசி பூத்தது. ஒருமுறை அல்ல, பாசனம் நடந்த ஒவ்வொரு சுற்றிலும். 54 சதுர கிலோமீட்டரிலிருந்து 577 சதுர கிலோமீட்டர் வரை அது பரவியது. 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, வயல் வேறு, கடல் வேறு என்று பேசுவது கடினமாகிவிட்டது.

ஆனால் பாசி என்றாலே நஞ்சு அல்ல. கடலின் உணவுச் சங்கிலி பெரும்பாலும் மிதவைப் பாசியின் மேல்தான் நிற்கிறது. டயட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசி பெருகினால் அதைத் தின்னும் நுண்விலங்குகளும், அவற்றைத் தின்னும் மத்தியும் நெத்திலியும் பெருகும். மீனவருக்கு அது நல்ல சேதி. எந்தப் பாசி பூக்கிறது என்பதே கேள்வி. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடலியலாளர் பட்ரீஷியா கிளிபர்ட் பல்லாண்டுகளாகத் துரத்திவருவது இந்தக் கேள்வியைத்தான். செசபீக் விரிகுடாவை ஒட்டி இருக்கும் ஹார்ன் பாயிண்ட் ஆய்வகம் அவருடைய களம்.

கடலில் எவ்வளவு சத்து சேர்கிறது என்று அளந்தால் போதாது, எந்த வடிவில், எந்த விகிதத்தில் சேர்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்ட கணக்குப்படி, சராசரி மிதவைப் பாசியின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணு 16 இருக்கும். அந்த விகிதம் குலையும்போது, குலைந்த நிலையிலும் பிழைக்கத் தெரிந்த இனங்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது. நைட்ரஜனிலும் வகை உண்டு. பந்தியில் என்ன பரிமாறுகிறார்களோ அதற்கேற்ற விருந்தாளிதான் உட்காருவார்: நைட்ரேட் மிகுந்த குளிர்ந்த, கலங்கிய நீரில் டயட்டம் கொழிக்கும், அம்மோனியமும் யூரியாவும் மிகுந்த வெதுவெதுப்பான நீர் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்பாசிகளுக்கும் நீலப்பச்சைப் பாசிகளுக்கும் தோதாக அமையும். நச்சுப் பாசிகளில் பல இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவை. முதல் கூட்டத்திலும் விதிவிலக்கு உண்டு. டொமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சைச் சுரக்கும் ஒரு டயட்டம், யூரியாவில் வளர்ந்தபோது மெதுவாகப் பெருகினாலும் கூடுதல் நஞ்சைச் சுரந்ததாகக் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்று 2007-இல் சொன்னது.

சாக்சிடாக்சின் என்ற நஞ்சின் மூலக்கூறு ஒன்றில் ஏழு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்காவிட்டால் இவ்வளவு செலவு பிடிக்கும் ஒரு பொருளைப் பாசி அதிகம் செய்யாது. மட்டியும் சிப்பியும் பாசியை வடிகட்டித் தின்பவை. நஞ்சு அவற்றின் சதையில் தங்கும், அவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, தின்ற மனிதருக்கு மூச்சே நின்றுபோகலாம். சமைத்தாலும் போகாது. 1981-இல் தமிழ்நாட்டில் மட்டி தின்று மூவர் இறந்தார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற ஏழு பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இவற்றை யூரியாவின் கணக்கில் எழுத ஆதாரமில்லை. நஞ்சு நம் கரைக்குப் புதியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

யூரியாவைக் கிளிபர்ட் தனியே குறிவைத்தது 2006-இல். மூன்று சக ஆய்வாளர்களோடு அவர் எழுதிய கட்டுரை, நாற்பதாண்டுகளில் உலகின் யூரியா பயன்பாடு நூறு மடங்குக்கு மேல் பெருகி, நைட்ரஜன் உரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைப் பிடித்துவிட்டதைக் காட்டியது. மண்ணில் விழுந்த யூரியா சில நாட்களில் சிதைந்துவிடுமே, கடல்வரை எப்படிப் போகும் என்ற கேள்வி எழும். உரம் வீசிய கையோடு மழை பிடித்துக்கொண்டால் கரைந்து அப்படியே ஓடும். சிதைந்தாலும் அம்மோனியமாகத்தான் சிதைகிறது. நெல்வயலில் ஆவியாகப் போகும் அம்மோனியாவும் எங்கோ மழையோடு இறங்கத்தான் போகிறது.

கிளிபர்ட் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ டெல்டாவில் டெல்டா ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் அழிந்துவருவதற்கு, சாக்ரமென்டோ நகரக் கழிவுநீரின் அம்மோனியம் உணவுச் சங்கிலியைக் குலைத்ததே காரணம் என்று 2010-இல் எழுதினார். டெல்டாவின் தண்ணீரைத் தெற்கே இறைத்துச் செல்வதே காரணம் என்ற கட்சியும் அங்கே வலுவானது. ஆகவே இந்தச் சர்ச்சை ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. அவருடைய புள்ளியியல் முறையே பிசகு என்று கழிமுகச் சூழலியலில் பெயர்பெற்றவர்கள் 2012-இல் மறுத்தெழுதினார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறி இறங்குவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. ஆனாலும் அம்மோனியாவை நீக்கியே தீர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் அந்த நகருக்கு உத்தரவிட்டது. ஏறத்தாழ 170 கோடி டாலரில் நடந்த மேம்பாட்டு வேலை 2023-இல் முடிந்தது. இதற்கிடையில், 2022 கோடையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவே செந்நிறமாகி ஸ்டர்ஜன் மீன்கள் செத்து ஒதுங்கின. கழிவுநீரின் நைட்ரஜனைப் பத்தாண்டுகளில் 40 சதவீதம் குறைக்கும்படி 2024-இல் புது உத்தரவு வந்தது. அதற்கான செலவு மதிப்பீடு 1,100 கோடி டாலர். கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

இனி நம் ஊர்க் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம் என்பதால் ஒரு கிலோ நைட்ரஜன் சுமார் 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு தேநீர் விலை. பயிர் கொஞ்சம் வெளுத்தால் மேலுரமாக ஒரு மூட்டையைக் கூட வீசுகிறவரைக் குறைசொல்ல முடியாது. அந்த விலைக்கு அதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு இல்லை. 2010-இல் சத்துக்கேற்ற மானியம் என்ற திட்டம் வந்தபோது யூரியாவை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். அதன்பின் மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா விலை ஏறக்குறைய அசையவில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் 4:2:1 என்று இருக்க வேண்டிய இடத்தில், பொட்டாஷ் ஒன்றுக்கு நைட்ரஜன் அண்மையில் 10-ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கும் மேல் யூரியா விற்பனையாகும் நாட்டில் இது வேளாண் துறை மட்டும் பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல.

நம் கடலிலும் பாசி பூத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கரையில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்ற பாசியின் வேலை அது. நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள் இறந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் நீருக்கடியில் பதிவு செய்தார்கள். ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாக்டிலூகா மற்ற பாசிகளை விழுங்கியும் வாழ்வது. உரத்தைக் குடித்துப் பெருகுவது என்று அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அரபிக்கடலில் அது பெருகுவது ஆக்சிஜன் குறைந்த நீர் மேலேறுவதாலா, டயட்டத்துக்கு வேண்டிய சிலிக்கேட் குறைவதாலா என்று நியூயார்க்கிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் ஆய்வாளர்கள் எதிரெதிராக எழுதுகிறார்கள். இந்த விவாதத்திலும் சத்தின் விகிதம் ஒரு தரப்பின் வாதமாக நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் சட்டமோ சத்தின் பக்கம் அதிகம் திரும்பவில்லை. குளிக்கத்தக்க கடல்நீருக்கான தர அளவுகோலில் அமிலத்தன்மை, ஆக்சிஜன், கலங்கல், மலக் கிருமி எல்லாம் உண்டு, நைட்ரஜன் இல்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2015 வரைவில் நைட்ரஜனுக்கு வரம்பு இருந்தது. 2017-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அது காணாமல் போனது. கடுமையான வரம்புகளைக் கொண்டுவரும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொல்ல வேண்டியிருந்தது.

யூரியா விலையை ஒரேயடியாக ஏற்றுவதை நான் கேட்கவில்லை. அது குத்தகை விவசாயியின் தலையில்தான் விடியும். யூரியாவையும் சத்துக்கேற்ற மானியத்துக்குள் கொண்டுவந்து, மிச்சமாகும் தொகையை ஏக்கர் கணக்கில் விவசாயியின் கையில் கொடுக்கலாம். பயிரின் பச்சையைப் பார்த்து உரமிடச் சொல்லும் இலை வண்ண அட்டையை வேளாண் பல்கலைக்கழகங்கள் பல காலமாகப் பரிந்துரைத்துவருகின்றன. உர மூட்டையோடு அதையும் கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. ஆற்று முகத்துவாரங்களில் நைட்ரஜன் எவ்வளவு என்பதோடு, அதில் யூரியா எவ்வளவு, அம்மோனியம் எவ்வளவு என்றும் மாதாமாதம் அளந்து, அந்த எண்களை உரத்துறையின் மேசைக்கும் அனுப்ப வேண்டும்.