சமாதானக் கூட்டத்தில் எந்த வசனம்?

சாதித் தாக்குதல் நடந்த ஊரில் நாலு நாள் கழித்து தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தை கூட்டுவார். வீடு எரிந்தவரும் எரித்தவரும் "இரு தரப்பு" ஆகிவிடுவார்கள். கிறித்தவர்கள் வாழும் ஊரென்றால் பாதிரியாரும் வருவார். சமாதானம் செய்கிறவர்களை மலைப்பிரசங்கத்தில் இயேசு வாழ்த்தியதை நினைவூட்டுவார். பிறகு கையெழுத்து.

ஐந்தாம் அதிகாரத்தை வாசிப்பவர்கள் அதே மத்தேயுவின் பத்தாம் அதிகாரத்துக்கு ஏன் வருவதில்லை? தம்மால் ஒரே வீட்டுக்குள் பிளவு வருமென்றும், தாம் கொண்டுவருவது பட்டயம் என்றும் இயேசு அங்கே பேசுகிறார். ஆயுதம் எடுக்கச் சொன்னார் என்று நாம் திரிக்கத் தேவையில்லை. கைதான இரவில் சீடனின் வாளை உறையில் போடச் சொன்னவரும் அவர்தான். ஆனால் நியாயத்தின் பக்கம் நின்றால் சண்டை வரும் என்பதை அவர் மறைக்கவில்லை.

சமாதானத்துக்கு வழி எது என்பதில் விவிலியம் ஒரே குரலில் பேசுவதில்லை. ஏசாயா இரண்டில் வாள்கள் கலப்பைக் கொழுவாகின்றன. யோவேல் மூன்றில் கொழுக்கள் வாளாகின்றன. எரேமியா ஒருவரே இரண்டு விதமாகப் பேசுகிறார். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு, அந்த நகரத்தின் நலனுக்காக உழையுங்கள், உங்கள் நலனும் அதில்தான் இருக்கிறது என்று கடிதம் எழுதுகிறார். எருசலேமின் குருக்களிடம் அவர் பேசும் தொனி வேறு. மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்கிறீர்களே என்று ஆறாம் அதிகாரத்தில் சீறுகிறார். யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது.

நமக்கு நெருக்கமானவர் மீகா. ஏசாயாவின் அதே கலப்பைக் கனவைச் சொல்லிவிட்டு, அங்கே இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார்: ஒவ்வொருவரும் தன் திராட்சைக் கொடியின் கீழும் தன் அத்திமரத்தின் கீழும் பயமின்றி உட்கார்ந்திருப்பார்கள். தன் மரம் என்றால் தன் நிலம். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

எபேசியர் நிருபம் பகையின் நடுச்சுவர் இடிந்ததைப் பற்றிப் பேசுகிறது. யூதருக்கும் மற்றவருக்கும் இடையே இருந்த சுவர் அது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்திலோ தலித் கிறித்தவர்களைச் செத்த பிறகும் பிரிக்க ஒரு சுவர் கட்டினார்கள். அதை எதிர்ப்பவர்களைத்தான் அமைதியைக் கெடுப்பவர்கள் என்பார்கள்!

இந்த வாதத்தை 1985-லேயே தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தில் முன்வைத்துவிட்டார்கள். நெருக்கடி நிலையின் நடுவே, நிறவெறி நீடிக்கும்போது ஒப்புரவு பேசுவது ஒடுக்குபவனுக்கே உதவும் என்று தங்கள் சபைகளைப் பார்த்தே எழுதினார்கள். இறையியல் படிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள்.

அடுத்த முறை அப்படியொரு கூட்டத்துக்கு நம் மக்களோடு போனால், நீட்டப்படும் தாளை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கலாம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றங்கள் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. தாசில்தாருக்கு இது தெரியும். பாதிரியாருக்குத் தெரியாவிட்டால் நாம் சொல்லலாம், எரேமியா ஆறையும் சேர்த்து.