விசா போனால் போகட்டும், பாஸ்போர்ட்டை விடாதே!

"விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு தம்பி. அடுத்த விசா வருது. பாஸ்போர்ட் எங்கிட்டயே இருக்கட்டும்" என்கிறார் ஏஜெண்ட். தம்பியும் தலையாட்டிவிட்டு வருகிறான். வீட்டில் உம்மாவின் வளையல் அடகுக் கடையில் கிடக்கிறது. வட்டி ஹராம் என்று பயான் கேட்டு வளர்ந்த வீட்டுக்குள் மகனின் சபருக்காக வட்டி நுழைந்துவிட்டது!

சகோதரனே, தலையாட்டுவதற்கு முன் கேள்வி கேள். எதனால் மறுத்தார்கள்? மெடிக்கலில் அன்ஃபிட்டா? ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே வளைகுடா நாடுகள் தள்ளிவிடும். சான்றிதழில் பெயர் மாறியிருக்கிறதா? முன்பு அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, தடை உள்ளதா? பெயர்ப் பிழையைத் திருத்தலாம். அன்ஃபிட்டையும் தடையையும் மறைத்து மீண்டும் பணம் கட்டினால் மீண்டும் நட்டம்தான். காரணத்தைச் சொல்லாத ஏஜெண்ட், விசாவுக்கு விண்ணப்பித்தாரா என்பதே சந்தேகம்!

அடுத்து, பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கு. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த ஏஜெண்டுக்கும் அதிகாரம் இல்லை.

பணம்? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். நம் பிள்ளைகளிடம் லட்சக்கணக்கில் கறப்பது எந்தக் கணக்கு? வேலையே கிடைக்காதபோது எதற்குச் சேவைக் கட்டணம்? ரசீது கேட்டால், "நம்ம ஆளுக்குள்ள ரசீதா?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில்தான் எத்தனையோ குடும்பங்கள் மூழ்கின!

பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்றவர் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார்; சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் எழுது. பதிவு பெறாதவர் ஆள் எடுப்பதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அவர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடு. பணம் கொடுத்ததற்கான வங்கிச் சீட்டையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழித்துவிடாதே. "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்ற ஆசை வார்த்தைக்கு மயங்காதே. மாட்டினால் அபராதமும் சிறையும் உனக்கு, கமிஷன் அவருக்கு!

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களுக்கும் ஒரு கேள்வி. தலாக் பஞ்சாயத்துக்கும் சொத்துத் தகராறுக்கும் கூடுகிறீர்கள். விசாப் பணத்தை விழுங்கியவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஏன் தயங்குகிறீர்கள்? பள்ளிவாசலுக்கு நன்கொடை தருகிறார் என்பதாலா? ஊரில் ஆள் எடுக்கும் ஒவ்வொருவரும் பதிவு எண்ணையும் கட்டண விவரத்தையும் ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்கட்டும். தொகைக்கு ரசீது, மறுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்ற ஒப்பந்தம், இரண்டு சாட்சிகள்: இவை இல்லாமல் ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது.

பாஸ்போர்ட்டும் பணமும் அமானிதம். அமானிதத்தை மோசம் செய்பவருக்கு முதல் ஸஃப்பில் மரியாதை கொடுக்கும் ஊர், தன் பிள்ளைகளுக்குத் தானே துரோகம் செய்கிறது!