பொதுத் தோட்டத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி, நம் ஊர்களில் கன்றுகள் நடப்படுகின்றன. எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பது செய்தியாக வருகிறது. அடுத்த ஜூனில் அவற்றுள் எத்தனை உயிரோடு இருந்தன என்பது அநேகமாகச் செய்தியாவதில்லை. பொதுத் தோட்டங்கள் பலவற்றின் கதையும் இதுதான். பள்ளி வளாகத்தின் ஒரு மூலையிலோ தெருக்கோடியிலோ பலர் கூடிப் பாத்தி கட்டுகிறார்கள். கீரை முளைக்கிறது, எல்லோரும் மகிழ்கிறார்கள். கோடை வந்ததும் வேலி மட்டும் எஞ்சுகிறது.

ஆர்வம் போய்விட்டது என்று குறை கூறுவது வழக்கம். என் கருத்து வேறு. ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை, கணக்குக்குத்தான் பஞ்சம். நிலம், நீர், ஆள் ஆகிய மூன்றையும் முதலிலேயே கணக்கிடாத தோட்டம் நீடிப்பது அரிது.

முதலில் நிலம். 1973ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவர் நண்பர்களும், குப்பை நிறைந்து கிடந்த ஒரு வெற்று மனையைச் சீராக்கித் தோட்டம் போட்டனர். செடிகள் செழித்தன. அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நகர நிருவாகத்திடம் பேசி, 1974இல் அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு முறைப்படி பெற்றனர். பின்னர் அந்நகரில் இத்தகைய தோட்டங்கள் பெருகின. ஆனால் 1999இல், நகருக்குச் சொந்தமான மனைகளில் இருந்த 114 தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. தொண்டு நிறுவனங்கள் கடைசி நேரத்தில் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை பிழைத்தன. ஆகவே, மண்வெட்டியை எடுக்கும் முன் இடத்துக்கு உரியவரின் அனுமதியை எழுத்தில் பெறுவது நல்லது. எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது நீர். இங்கே நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் நேரடியாகப் பயன்படுகிறது. கோடையில் தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மெகாஜூல் சூரிய ஆற்றல் விழுகிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 மெகாஜூல் தேவை. இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். விழும் ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால் 8 லிட்டர் போய்விடும். ஆனால் ஒரு பகுதி ஒளியாகத் திரும்பிவிடுகிறது. மற்றொரு பகுதி மண்ணையும் காற்றையும் சூடாக்குகிறது. ஆகவே மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் நாளொன்றுக்கு 5 லிட்டர் போவதாகக் கொள்வோம். அந்த நீரை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும்.

10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள தோட்டம் பார்வைக்குச் சிறியது. அதன் பரப்போ 100 சதுர மீட்டர். நாள்தோறும் 500 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் ஊற்றினால் 33 குடங்களுக்கு மேல்! இதை யார் சுமப்பது? அடிகுழாயில் அவ்வளவு நீர் கிடைக்குமா? இந்தக் கேள்விகளை ஆடி மாதத்திலேயே கேட்டிருந்தால், சித்திரையில் செடிகள் கருகுவதைப் பார்க்க நேராது.

உங்கள் ஊரின் கணக்கை நீங்களே அளந்து அறியலாம். செங்குத்தான பக்கங்களை உடைய ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். காகமும் நாயும் குடித்துவிடாதபடி மேலே கம்பிவலை போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வானிலை நிலையங்களிலும் ஆவியாதலை இவ்வாறே பெரிய தொட்டிகளில் அளக்கிறார்கள். சிறிய பாத்திரத்தில் நீர் சற்று மிகுதியாகவே குறையும். கணக்கில் அவ்வளவு முன்னெச்சரிக்கை இருப்பது நல்லதே. பிறகு பாத்திகளின்மேல் காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் பரப்புங்கள். இந்த மூடாக்கு வெயிலும் காற்றும் மண்ணைத் தாக்காமல் தடுத்து, நீரை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது ஆள். பல பள்ளித் தோட்டங்கள் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரை நம்பியே நிற்கின்றன. அவர் மாற்றலாகிப் போனதும் தோட்டமும் போய்விடுகிறது. நம் ஏரிப்பாசன ஊர்களில் நம் முன்னோர் இதைவிட நல்ல வழி கண்டிருந்தனர். நீர்க்கட்டி என்பவர் வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவார். அவருக்கான கூலியை உழவர் எல்லோரும் நெல்லாகப் பங்கிட்டுக் கொடுப்பர். பொதுச் சொத்துகளை மக்கள் எவ்வாறு காக்கிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். நீடித்து நின்ற அமைப்புகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகள் சிலவற்றைச் சொல்லலாம். யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருந்தது, பயன்படுத்துவோரே விதிகளை வகுத்தனர், கண்காணிப்பு இருந்தது, தவறியவர்க்கு முதலில் சிறு தண்டனையே தரப்பட்டது.

உங்கள் தோட்டத்துக்கும் இவை பொருந்தும். இன்று நீர் ஊற்றுவது யார், வராதவருக்குப் பதில் யார், பறித்த கீரை யாருக்கு என்பவற்றை விதைக்கும் முன்பே எழுதிவிடுங்கள். முளைத்த பின் பேசினால் சண்டைதான் முளைக்கும்.

கணக்குப் பார்த்தால் தோட்டத்தின் இன்பம் போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். வாடிய செடியைப் பார்ப்பதில் என்ன இன்பம் இருக்கிறது? முதல் ஆண்டில் 10 சதுர மீட்டர் போதும். நாளைக்கு நான்கு குடம் நீர். இரண்டு பேர் போதும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிறுகீரை கைக்கு வரும். கோடை விடுமுறைக்கு முன் காய்கறிப் பாத்திகளை மூடாக்கிட்டு ஓய்வில் விட்டு, முருங்கையையும் கறிவேப்பிலையையும் மட்டும் காப்பாற்றுங்கள். இவ்வாறு சுருக்குவது தோல்வி ஆகாது. நீரின் அளவறிந்து நடப்பதே ஆகும்.

இவை அனைத்தையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வாருங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது அதை அடுத்த வகுப்பாரிடம் கொடுங்கள். செடியைவிட அந்த நோட்டு நீண்ட நாள் வாழும்; அது இருந்தால் அவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.